சைலன்சரைத் திறந்தால் பாதை மூடும்

மண்பாதையிலும் மலைப்பாதையிலும் பைக் ஓட்டுகிறவர்கள் நடுவே யாரும் கேள்வி கேட்காத ஒரு கருத்து நிலவுகிறது. கம்பெனி மாட்டி அனுப்பிய சைலன்சர் இன்ஜினை அடைத்து வைத்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால், குறைந்தபட்சம் சத்தத்தை அடக்க உள்ளே இருக்கும் டிபி கில்லரையாவது உருவி எடுத்தால், அடைபட்ட பவர் வெளியே வந்துவிடும். சத்தம் கூடுவதே அதற்குச் சாட்சி. "டிபி கில்லரை எடுத்துட்டேன்ணா, வண்டி இப்பத்தான் இழுக்குது" என்ற பேச்சை எந்த ஒர்க்‌ஷாப் வாசலிலும் கேட்கலாம்.

அமைதியை விரும்புகிறவர்களும் இதே கணக்கை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் வருத்தமான செய்தி. "கொஞ்சம் பவர் போனால் போகட்டும், ஊருக்குத் தொந்தரவில்லாமல் ஓட்டுங்கள்" என்பது அவர்கள் கோரிக்கை. ஆக, இரு தரப்பும் ஒரே தராசைப் பிடித்திருக்கின்றன: ஒரு தட்டில் அமைதி, மறு தட்டில் திறன். ஒன்றை இறக்கினால் மற்றது ஏறும் என்று நம்புகின்றன. அந்தத் தராசே பொய் என்பது என் வாதம். மண்ணில் ஓடும் வண்டிக்கு, அமைதியைக் கொடுத்து வாங்கும் பவர் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. இழப்பது மட்டும் உண்டு. அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சத்தம் என்ற அந்த ஆற்றலையே அளந்து பார்ப்போம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், 1986-இலும் அதற்குப் பிறகும் தயாரான ஆஃப்ரோடு வண்டிகளுக்கு 96 டெசிபல் என்ற வரம்பு 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் மைக்கை வைத்து, இன்ஜினை அதன் உச்சச் சுழற்சியில் பாதிக்கு ஏற்றி அளப்பார்கள். அந்த 96 டெசிபல் என்பது, வெளியே போகும் ஒலியாற்றல் என்ற கணக்கில், சுமார் 12 மில்லிவாட். முழு த்ராட்டிலில் அதைவிட 20 டெசிபல் கூடினாலும், அதாவது நூறு மடங்கானாலும், ஒன்றேகால் வாட்டைத் தாண்டாது. 450 சிசி மோட்டோகிராஸ் இன்ஜின் ஒன்று 50 குதிரைத்திறன் தருகிறது என்று வையுங்கள். அது 37,000 வாட். சுமார் முப்பதாயிரத்தில் ஒன்று. காதைப் பிளக்கும் அந்த ஓசைக்குள் ஒளிந்திருக்கும் பவர் இவ்வளவுதான். அதை வெளியே விட்டாலும் அடைத்து வைத்தாலும் பின்சக்கரத்துக்குத் தெரியப்போவதில்லை.

"சத்தமே பவர் என்று யார் சொன்னது? புகை வெளியேறத் தடையாக இருப்பதுதான் பிரச்சினை, பேக் பிரஷர்தான் பிரச்சினை" என்று இதற்குப் பதில் வரும். நியாயமான பதில். ஆனால் அந்தத் தடை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்டு பைப் வழியாக ஓடுகிறது. குழாய் அகலும் இடத்தை அது தொட்டதும், உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. உள்வாங்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் இந்த அலை வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் எரிந்த வாயுவை இழுத்துப் போட்டுவிட்டு, புதுக் கலவையையும் உள்ளே வரவழைக்கும். எந்த ஆர்பிஎம்மில் இது நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாகப் பெண்டு பைப்பின் நீளமும் விட்டமும். பவர் உருவாகும் இடம் அதுதான். வாலில் தொங்கும் சைலன்சரின் வேலை வேறு. நல்ல சைலன்சரின் உள்ளே ஓட்டை போட்ட நேர்க்குழாய் ஒன்று இருக்கும். அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு. வாயு நேரே ஓடிவிடும். ஒலி மட்டும் ஓட்டைகள் வழியே பக்கவாட்டில் புகுந்து, பஞ்சில் வெப்பமாகி அடங்கும். இந்த அமைப்பில் சத்தம் எவ்வளவு குறையும் என்பது குழாயின் நீளத்தையும் பஞ்சுக்கு ஒதுக்கிய இடத்தையும் பொறுத்தது. வழியை அடைக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

ஆகவே அமைதிக்கு ஒரு விலை உண்டென்றால் அது பருமனும் எடையும் காசும். ஹோண்டா தன் சிஆர்எஃப் 450 ஆர் பந்தய வண்டியில் 2013 முதல் 2020 வரை இரண்டு சைலன்சர்களை மாட்டியது. 2021-இல் எடையைக் குறைக்க ஒன்றாக்கியது. பொறியாளர்கள் நடத்தும் பேரம் எடைக்கும் ஒலிக்கும் இடையில் நடக்கிறது. கடைத்தெருவில் விற்கும் குட்டைச் சைலன்சர் சத்தம் போடுவதற்குக் காரணம் அது குட்டையாக இருப்பது. பார்க்க நன்றாக இருக்கிறது, லேசாக இருக்கிறது, உள்ளே பஞ்சுக்கு இடமில்லை. அந்தக் குறையைத்தான் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று பெயர் சூட்டி நம்மிடம் விற்கிறார்கள்.

சத்தமும் பவரும் சேர்ந்தே ஏறும் என்று நம்புகிறவர்களுக்கு அவர்கள் கண்ணெதிரிலேயே இரண்டு மறுப்புகள் இருக்கின்றன. ஒன்று, எரிந்து தீர்ந்த பஞ்சு. சைலன்சர் பஞ்சு ஓட ஓடக் கருகிப் போகும். போட்டிக்காரர்கள் அதை அவ்வப்போது மாற்றுவார்கள். மாற்றாமல் விட்டால் சத்தம் ஏறிக்கொண்டே போகும். இழுவை கூடாது, பெரும்பாலும் குறையும். இரண்டாவது, நம் ஊரின் பழைய காதல், ஆர்எக்ஸ் 100. 1985 முதல் 1996 வரை வந்த அந்த 98 சிசி வண்டி 11 குதிரைத்திறன் தந்ததற்கு அதன் வயிறு பெருத்த எக்ஸாஸ்ட் ஒரு முக்கியக் காரணம். இரண்டு ஸ்ட்ரோக்கில் எரியாமலே வெளியேறிவிடும் கலவையை, அந்த வயிற்றின் குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அலை சிலிண்டருக்குள் மறுபடி தள்ளுகிறது. அந்த வயிற்றை வெட்டிவிட்டு வெறும் குழாயை வைத்து ஓட்டிப் பாருங்கள். சத்தம் தெருவைத் தூக்கும், பிக்கப் படுத்துவிடும்.

இஞ்செக்‌ஷன் வண்டிகளில் இன்னொரு ஏமாற்றம். சைலன்சரை மட்டும் மாற்றி, எரிபொருளை அளந்து கொடுக்கும் ஈசியூவைத் தொடாமல் விட்டால், எரிபொருள் அளவு பழைய சைலன்சருக்கு எழுதியபடியேதான் இருக்கும். சில ஆர்பிஎம்களில் கலவை மெலிந்துபோகலாம். ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் பட்பட்டென்று வெடிக்கிறதே, அதைக் கேட்டுப் பூரிக்கிறவர்கள் பலர். எரியாத பெட்ரோல் சூடான குழாயில் காற்றோடு சேர்ந்து எரியும் ஓசை அது. சிலிண்டருக்குள் எரிந்திருக்க வேண்டியது வெளியே எரிகிறது. அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

எதிர்த்தரப்பிடம் ஒரு வலுவான வாதம் உண்டு; அதை மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் விற்ற யமஹா டபிள்யூஆர் வரிசை வண்டிகள் சிலவற்றில், த்ராட்டில் முழுதாகத் திறக்க முடியாதபடி ஒரு திருகும், சைலன்சர் வாயில் சிறு துளை கொண்ட ஓர் அடைப்பும் வைத்தே விற்றார்கள். அந்த வண்டிகள் உண்மையிலேயே அடைபட்ட வண்டிகள்தான். அதேபோல் மூடிய பந்தயத் தடத்தில், முழு த்ராட்டிலில், உச்ச ஆர்பிஎம்மில், ஈசியூவையும் சேர்த்து மாற்றினால், திறந்த சைலன்சர் ஒரு சிறு ஆதாயம் தரும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் முதலாவதற்கு மருந்து, அந்த மோசமான அடைப்பை எடுத்துவிட்டு வரம்புக்குள் நிற்கும் நல்ல அடைப்பை வைப்பது. அப்படிப்பட்டவை விற்பனையில் இருக்கின்றன. இரண்டாவது ஆதாயமோ, பாதையில் ஓட்டுகிறவருக்கு ஒருபோதும் கைக்கு வராதது. ஏனென்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சென்னையை அடுத்த ஆலைகளில் பிறந்த முதல் ஹிமாலயன் பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 411 சிசி, 6,500 ஆர்பிஎம்மில் 24.5 குதிரைத்திறன், எடை 200 கிலோவை ஒட்டியது. ஓட்டுகிறவர் 75 கிலோ. மொத்த எடையில் அறுபது சதவீதம் பின்சக்கரத்தில் விழுகிறது என்று வைத்தால் 165 கிலோ. உதிர்ந்த சரளையில் டயரின் பிடிமானம் அந்த எடையில் பாதி என்று கொள்வோம். அப்படியென்றால், சக்கரம் வழுக்காமல் தள்ளக்கூடிய விசை சுமார் 800 நியூட்டன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்த விசைக்குத் தேவையான பவர் ஆறு குதிரைத்திறன். 40 கிலோமீட்டரில் பன்னிரண்டு. அதற்கு மேல் இன்ஜின் தருவதெல்லாம் கல்லைப் பின்னால் எறியத்தான் பயன்படும். கையில் இருப்பதில் பாதியைக்கூட மண் வாங்கிக்கொள்ளாத இடத்தில், உச்ச ஆர்பிஎம்மில் கிடைக்கும் இன்னொரு குதிரைத்திறனுக்காகச் சைலன்சரைத் திறப்பவர் எதை வாங்குகிறார்? அதே ஹிமாலயனின் உச்ச டார்க் 4,000 முதல் 4,500 ஆர்பிஎம்முக்குள் கிடைக்கிறது. கரட்டு வழியில் வண்டியை மேலே ஏற்றுவது இந்தக் கீழ்ப்பகுதி இழுவை. பொருந்தாத விட்டத்தில், பெண்டு பைப்பையும் சேர்த்து ஃபுல் சிஸ்டம் மாட்டுகிறவர்கள் முதலில் பறிகொடுப்பதும் இதைத்தான்.

மண்ணில் திறன் என்றால் பிடிமானத்தை அறிந்து த்ராட்டிலை அளந்து கொடுப்பது. டயர் எப்போது வழுக்கத் தொடங்குகிறது, இன்ஜின் எப்போது திணறுகிறது என்பதை உடம்பும் காதும் சேர்ந்து சொல்ல வேண்டும். காதை நிரப்பிவிட்டால் அந்தச் செய்தி வராது. களைப்பு மட்டும் வரும். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் தொழில்நலக் கழகம் பரிந்துரைக்கும் அளவு, 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம். ஒரு நாள் முழுக்க மலையில் ஓட்டுகிறவரின் செவிக்கு இது என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஓட்டுத்திறமை உச்சத்தைத் தொடும் பந்தயம் டிரையல்ஸ். பாறைமேல் பாறையாக ஏறும் அந்த வண்டிகள், ஆஃப்ரோடு வண்டிகளிலேயே மிகவும் அடக்கமாக ஒலிப்பவற்றில் அடங்கும். ஸ்பெயினின் ஸ்டார்க் நிறுவனம் 2021 டிசம்பரில் அறிமுகப்படுத்திய வார்க் மின்சார மோட்டோகிராஸ் வண்டிக்கு 80 குதிரைத்திறன் என்று சொன்னது. அதில் சைலன்சரே கிடையாது, தேவையும் கிடையாது.

"சத்தம் உயிரைக் காக்கும்" என்ற வசனத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். சைலன்சர் வாய் பின்னோக்கி இருக்கிறது. ஆபத்து முன்னாலிருந்து வருகிறது. 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கை, பைக் விபத்துகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆபத்து நேர்முன்னே இருபுறமும் 45 பாகைக்குள் இருந்ததாகச் சொல்கிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வருபவருக்குத் தகவல் சொல்லக் கைக்குக் கீழே ஹாரன் இருக்கிறது. அதை அழுத்தினால் ஒரு வளைவுக்கு ஒரு முறை ஒலிக்கும். மலை முழுக்க ஒலிக்காது.

இனி, இழப்பது எது என்ற கேள்வி. டெசிபல் மடக்கை அளவு. எண் சிறிதாக ஏறும்போது பொருள் பெரிதாக ஏறும். திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். இதைத் திருப்பிப் படியுங்கள்: சைலன்சரைத் திறந்து 6 டெசிபல் கூட்டினால், அதே ஓசை இருமடங்கு தூரம் கேட்கும், பரப்பளவில் நான்கு மடங்கு. அரை மீட்டரில் 96 டெசிபல் ஒலிக்கும் வண்டி, தடையில்லாத வெளியில் அரைக் கிலோமீட்டர் தள்ளி 36 டெசிபலாகத் தேயும். அந்த வட்டம் சுமார் 200 ஏக்கர். 102 டெசிபல் வண்டி அதே 36 டெசிபலை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு சேர்க்கும். சுமார் 800 ஏக்கர். ஓட்டுகிறவருக்குத் தன் வண்டி கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதாகத்தான் தோன்றும். அறுநூறு ஏக்கரில் புதிதாகக் கேட்கத் தொடங்கிய மனிதர்களை அவர் பார்க்கவே மாட்டார்.

"காட்டுக்குள் யார் கேட்கப்போகிறார்கள்?" என்கிறார்கள். யானை கேட்கிறது. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர விலங்குக்காட்சிச் சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்ற ஆய்வாளர் கேட்டி பெய்ன், காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். அவரும் உடனாய்வாளர்களும் பிறகு பதிவுசெய்து காட்டினார்கள்: யானைகள் நம் காதுக்குப் பெரும்பாலும் எட்டாத 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்கின்றன. ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 25 முறை வெடிக்கிறது. 2,000-இல் கிட்டத்தட்ட 17 முறை. யானையின் பேச்சு நடக்கும் அதே தாழ்ந்த பகுதியில்தான் நம் வண்டியின் அடித்துடிப்பும் விழுகிறது. தாழ்ந்த ஒலியைக் காற்றும் மரங்களும் அதிகம் தின்னுவதில்லை. அது தூரம் போகும். சட்டம் பயன்படுத்தும் டெசிபல் கருவியோ மனிதக் காதுக்கென்று சரிசெய்யப்பட்டது. 25 ஹெர்ட்ஸில் வரும் ஒலியை அது சுமார் 45 டெசிபல் குறைத்துத்தான் எண்ணும். ஆகவே வரம்புக்குள் இருக்கிறது என்று கருவி சொல்லும் வண்டிகூட, அந்தக் காட்டின் பெரிய செவிகளுக்கு வேறு கதை சொல்லலாம். திறந்த சைலன்சரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

யானையை விடுங்கள், மனிதர்கள் இருக்கிறார்கள். நீலகிரியிலோ வால்பாறையிலோ கொல்லிமலையிலோ ஆளில்லாத மலை என்று ஒன்று கிடையாது. எஸ்டேட் லைன் வீடுகள், பழங்குடிக் கிராமங்கள், பள்ளிக்கூடம், மாடு மேய்க்கிறவர்கள். ஒரு மண்பாதையில் நாம் ஓட்ட முடிவது அந்த மனிதர்கள் ஆட்சேபிக்காத வரைக்கும்தான். எஸ்டேட்காரர் சட்டம் போடமாட்டார். கேட்டைப் பூட்டிவிடுவார், அவ்வளவுதான். ஞாயிறு காலை ஒரே ஒரு குழு உறுமிக்கொண்டு போனதற்காக, அடுத்த பத்து ஆண்டுகள் யாருமே போக முடியாமல் ஆகிவிடும்.

ஆஃப்ரோடு ஓட்டுவது பெரும் பொழுதுபோக்காக வளர்ந்த அமெரிக்காவில் இந்தக் கதை ஐம்பது ஆண்டுகளாக நடக்கிறது. 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணை, பொதுநிலங்களில் வண்டிப் பாதைகளை வகுக்கும்போது சத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. 1980-இல் மத்திய சுற்றுச்சூழல் முகமை 170 சிசிக்கு மேற்பட்ட ஆஃப்ரோடு வண்டிகளுக்கு 15 மீட்டரில் 82 டெசிபல் என்று விதித்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்த முகமையின் ஒலிக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நிதி நிறுத்தப்பட்டது. விதி ஏட்டில் நின்றது, கண்காணிக்க ஆளில்லை. திறந்த சைலன்சர்கள் பெருகின. 2005-இல் அந்நாட்டு வனத்துறை, குறித்துக் கொடுத்த தடங்களில் மட்டுமே மோட்டார் வண்டிகள் ஓடலாம் என்று விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு தடமும் பொதுமக்களின் கருத்துக்கு வந்தது. அந்த விசாரணைகளில் எதிர்ப்பவர்கள் கையிலெடுக்கும் முதல் ஆயுதங்களில் ஒன்று சத்தம். அங்கே பொறுப்புள்ள ஓட்டுநர்கள் சத்தம் குறைந்தால் நிலம் கூடும் என்று இன்று தங்களுக்குள்ளேயே பிரச்சாரம் செய்கிறார்கள். பந்தய உலகமும் விழித்துக்கொண்டது. பாதி ஆர்பிஎம்மில் அளப்பது உண்மைச் சத்தத்தைக் காட்டவில்லை என்பதால், சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு இரண்டு மீட்டர் தள்ளி மைக்கை வைத்து, த்ராட்டிலை முழுதாகத் திருகி அளக்கும் முறைக்கு மாறியது.

நம் ஊரில் பாதை மூடுவது எவ்வளவு எளிது என்பதற்கு எடுத்துக்காட்டு தேட வேண்டாம். பந்திப்பூரில் 2009 முதலும், திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதலும் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே காரணம் விலங்குகள் அடிபட்டுச் சாவது. சத்தத்தால் வந்த தடை என்று நான் சொல்லவில்லை. தேசிய நெடுஞ்சாலையையே இரவில் மூட முடிகிற இடத்தில், பெயரில்லாத ஒரு மண்தடத்தை மூட ஒரு புகார் மனு போதும் என்றுதான் சொல்கிறேன்.

சட்டமும் நம் பக்கம் இல்லை. 175 சிசிக்கு மேற்பட்ட பைக் ஆலையிலிருந்து வரும்போது, 7.5 மீட்டரில் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. அதை மீறி ஒலிக்கும்படி மாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். மூன்று மாதம் லைசென்ஸும் போகும். ஆனால் அபராதத்துக்குப் பயந்து சைலன்சரை மாற்றாதீர்கள் என்று கேட்பது என் நோக்கமல்ல. போலீஸ் இல்லாத இடத்தில்தான் நாம் ஓட்டுகிறோம்.

பவர் வேண்டுமென்றால் அதற்கு வழிகள் இருக்கின்றன. ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வையுங்கள். செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் கூட்டியோ குறைத்தோ, ஓட்டும் பாதைக்கேற்றபடி மாற்றுங்கள். சரியான டயர் போடுங்கள், மண்ணுக்கேற்ற காற்றழுத்தம் வையுங்கள். மேலேறும் சரளையில் இவை தரும் வித்தியாசம் எந்தச் சைலன்சரும் தராதது. சைலன்சர் மாற்றியே ஆக வேண்டும் என்றால், டெசிபல் அளவை எழுத்தில் தருகிறவரிடம், பஞ்சு மாற்ற வழியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அளவு சொல்லத் தெரியாத கடையில் பவர் பற்றிய பேச்சையும் நம்பாதீர்கள்.

கழற்றிய டிபி கில்லர் பெரும்பாலும் வீட்டில் டூல் பெட்டியில்தான் கிடக்கும். அதைப் பிடித்து வைப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. அடுத்த முறை மலைக்குக் கிளம்பும் முன் அதை எடுத்து மாட்டுங்கள். உங்கள் குழுவில் மாட்டாதவர் இருந்தால், மாட்டிய பிறகே வரச் சொல்லுங்கள்.